மேகத்தின் முதுகு: செய்மதிகளும் மலைநாட்டுக்கான சூறாவளி எதிர்வுகூறலும்

கடுகண்ணாவை மேட்டில் வீதி வளைந்து இறங்கும் இடத்தில் நின்று மேற்கே பார்த்தால் மாவனல்லைப் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் பைபிள் பாறையும் தெரியும். மழைக்காலத்துக் காலைகளில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் மேகம் நிரப்பிக் கிடக்கும். கீழே இருப்பவர்களுக்கு அது வானம். மேலே நிற்பவருக்கு அது விரித்த வெள்ளைப் போர்வை. போர்வைக்கு அடியில் தூறல் விழுகிறதா, கொட்டித் தீர்க்கிறதா என்று மேட்டிலிருந்து சொல்ல முடியாது. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் வானிலைச் செய்மதிக்கும் இதே சங்கடம்தான். அது காண்பது மேகத்தின் முதுகை. நாம் வாழ்வது அதன் வயிற்றுக்குக் கீழே. இந்த இடைவெளியைக் கடக்க 65 ஆண்டுகளாக நடக்கும் முயற்சி கடலோரத்துக்குப் பெரும் பயன் தந்திருக்கிறது. மலைச்சரிவில் வாழ்பவருக்கு அதே அளவு பயன் தந்ததா என்பதுதான் என் கேள்வி.

2025 நவம்பர் 22ஆம் திகதி, பஹல கடுகண்ணாவையில் கொழும்பு–கண்டி வீதியோரக் கடை ஒன்றின் மேல் பாறையும் மண்ணும் சரிந்து விழுந்தன. உள்ளே இருந்தவர்கள் புதையுண்டார்கள். பல உயிர்கள் போயின. அன்று டித்வா என்ற பெயரில் எந்தச் சூறாவளியும் இல்லை. சில நாட்களில் தீவின் தென்கிழக்கே கடலில் ஒரு தாழமுக்கம் திரண்டது. அது வலுத்து, யெமன் நாடு கொடுத்த பெயரைப் பெற்று, 28ஆம் திகதி கிழக்குக் கரையைக் கடந்து, தீவின் மேலாகவே மெல்ல வடக்கு நோக்கி ஊர்ந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கணக்கில் முதலிடம் எந்தக் கடலோர மாவட்டத்துக்கும் இல்லை, கண்டி மாவட்டத்துக்குத்தான். மகாவலி கரை புரண்டது. கண்டிக்கான வீதியும், 1867இல் கடுகண்ணாவை ஏற்றத்தின் வழியே கண்டியை எட்டிய ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன.

டித்வாவின் காற்று உச்சத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர் அளவுதான். வட இந்துசமுத்திரத்துக்குப் புது டில்லியிலுள்ள பிராந்திய வானிலை மையம் வைத்திருக்கும் தரவரிசையில் 62 முதல் 88 கிலோமீட்டர் வரையான காற்று சூறாவளிப் படிகளில் மிகக் கீழ்ப்படி. காற்றை வைத்துத் தரம் பிரிக்கும் ஏணியில் அடிப்படியில் நின்ற ஒன்று இத்தனை பேரைக் கொன்றது. இந்த முரணை மனதில் வைத்துக்கொண்டுதான் செய்மதிகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

1960 ஏப்ரல் 1ஆம் திகதி அமெரிக்கா ஏவிய டைரோஸ் 1 தான் முதல் வானிலைச் செய்மதி. அதற்கு முன் வங்காள விரிகுடாவில் ஒரு சூறாவளி இருக்கிறதென்று அறிய, அதில் சிக்கிய கப்பலின் தந்தியும் கரையோர நிலையங்களின் காற்றழுத்தமானியும்தான் வழி. 1963 டிசம்பரில் பறந்த டைரோஸ் 8, தலைக்கு மேல் கடந்து போகும்போதே படத்தைத் தரைக்கு அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 22, 23இல் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி, வட இலங்கையைத் தாண்டித்தான் அங்கு போனது. மன்னாரும் திருகோணமலையும் அதில் பட்ட பாட்டை மூத்த தலைமுறை மறக்கவில்லை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சாய்த்த சூறாவளி 900க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்நாளில் துருவங்களைச் சுற்றும் செய்மதிகள் கடந்து போகும் வேளைகளில் படம் எடுத்தன. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சூறாவளி எவ்வளவோ மாறிவிடும்.

படம் கிடைத்தால் மட்டும் போதுமா? மேகச் சுருளைப் பார்த்து அதன் காற்று வேகத்தைச் சொல்லும் வழி வேண்டும். 1970களில் வெர்னன் டுவொராக் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த வழியை வகுத்தார். மேகப் பட்டைகள் மையத்தை எவ்வளவு சுற்றி வளைத்திருக்கின்றன, அகச்சிவப்புப் படத்தில் கண் எவ்வளவு சூடாகவும் சுற்றியுள்ள மேக உச்சிகள் எவ்வளவு குளிராகவும் உள்ளன என்பவற்றைப் பார்த்து 1 முதல் 8 வரை ஓர் எண் கொடுப்பது அவருடைய முறை. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் விமானம் அனுப்பிச் சூறாவளியை அளக்க வசதியற்ற எல்லா நாடுகளுக்கும் அரை நூற்றாண்டாக இதுவே கைக்கோல். புது டில்லியில் இன்றும் இதைக் கொண்டுதான் வங்கக் கடலின் சூறாவளிகளை எடைபோடுகிறார்கள். வானிலை அறிவியலில் இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட அதிக உயிர்களைக் காத்த கருவி வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் அது சொல்வது காற்றை மட்டும்.

1983இல் இந்தியாவின் இன்சாட் 1பி வந்த பிறகு நம் கடலின் மேல் இமைக்காத கண் ஒன்று திறந்தது. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றும் செய்மதி ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அதன் வழியில் வந்தவை இன்சாட் 3டி, 3டிஆர், 2024 பெப்ரவரியில் ஏவப்பட்ட 3டிஎஸ். ஜப்பானின் ஹிமவாரி 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. ஆனால் அது நிற்பது கிழக்கே 140 பாகைக்கு மேல். நாம் இருப்பது 80 பாகையில். அதன் வட்டத்தின் ஓரத்தில், சரிந்த பார்வையில்தான் இலங்கை விழும். மேற்கிலிருந்து ஐரோப்பாவின் மீட்டியோசாட் பார்க்கிறது. நேர் மேலிருந்து பார்ப்பவை இந்தியச் செய்மதிகள். ஆகவே நம் வானத்தைப் பற்றிய அறிவில் பெரும்பங்கு அயல்வீட்டிலிருந்து வருகிறது. புது டில்லி மையம் இப்பிராந்திய நாடுகளுக்கெல்லாம் சூறாவளி அறிக்கை அனுப்புவது உலக வானிலை அமைப்பின் ஏற்பாடு. அந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது.

மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் கண்கள் இன்னும் தாழ்வாகப் பறக்கின்றன. நுண்ணலைக் கருவிகள் உயர்மேகங்களைக் கடந்து சூறாவளியின் உள்கட்டமைப்பைக் காட்டும். ஒட்சிசன் வெளியிடும் நுண்ணலையை அளந்து, சூறாவளியின் மையத்தில் மேலே இருக்கும் வெப்பக் கருவை எடைபோடலாம். கடற்பரப்பில் காற்று எழுப்பும் சிற்றலைகளில் ராடார் கதிரைத் தெறிக்கவிட்டுக் காற்றின் வேகத்தையும் திசையையும் அறியும் கருவிகள் இன்னொரு வகை. ஐரோப்பாவின் மெட்டொப் செய்மதிகளும் இந்தியா 2022 நவம்பரில் ஏவிய ஓஷன்சாட் 3உம் அந்த வேலையைச் செய்கின்றன. இந்தியாவும் பிரான்சும் 2011இல் சேர்ந்து ஏவிய மேகா-டிரோபிக்ஸ், துருவங்களுக்குப் போகாமல் வெப்பமண்டலத்தையே சுற்றிச் சுற்றி ஈரப்பதனை அளந்தது. 2016இல் பறந்த எட்டு சிறு செய்மதிகளின் கூட்டமான சிக்னஸ், கடலில் பட்டுத் தெறிக்கும் ஜிபிஎஸ் சமிக்ஞைகளைக் கொண்டே காற்றைக் கணக்கிட்டது. கைத்தொலைபேசிக்கு வழி சொல்லும் அதே சமிக்ஞை சூறாவளிக் கடலின் கொந்தளிப்பையும் சொல்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இவையெல்லாம் வந்து சேரும் இடம் கணினி. இன்றைய எதிர்வுகூறலைப் படம் பார்த்து எவரும் ஊகிப்பதில்லை. வளிமண்டலத்தின் இப்போதைய நிலையை முடிந்தவரை சரியாக அமைத்து, இயற்பியல் சமன்பாடுகளால் அதை முன்னே ஓட்டுகிறார்கள். ஆரம்ப நிலையில் சிறு தவறு இருந்தாலும் நாலாம் நாளில் அது பெருந்தவறாகும். கடலின் மேல் பலூன் விடவோ நிலையம் வைக்கவோ முடியாததால், அந்த ஆரம்ப நிலையை நிரப்புவது செய்மதி அளவீடுகளே. 2012இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி சூறாவளியை வைத்து ஐரோப்பிய நடுத்தரகால வானிலை எதிர்வுகூறல் மையம் ஒரு சோதனை செய்தது. துருவச் சுற்றுச் செய்மதிகளின் தரவை நீக்கிவிட்டு அதே எதிர்வுகூறலை மீண்டும் ஓட்டியபோது, நியூஜேர்சிக் கரையில் அது ஏறப்போவது ஐந்து நாட்களுக்கு முன்னமே தெரிய வந்திராது என்று கண்டார்கள். செய்மதியின் பயனுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் கடலிலும் பலன் கண்கூடு. 1999 ஒடிசாப் பெருஞ்சூறாவளியில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரையைத் தாக்கிய பைலின் கொன்றது சில பத்துப் பேரை. நம் பக்கத்தில் 2020 டிசம்பர் 2ஆம் திகதி திருகோணமலைக்கு அருகே கரையேறிய புரேவியின் பாதை முன்கூட்டியே தெரிந்திருந்தது, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், உயிரிழப்பு மிகக் குறைவு. சூறாவளி மையம் 24 மணி நேரத்துக்குப் பின் எங்கிருக்கும் என்ற கணிப்பில் வட இந்துசமுத்திரத்தின் சராசரிப் பிழை இருபது ஆண்டுகளில் பாதியளவுக்கு வந்து, இப்போது 75 கிலோமீட்டரை ஒட்டி நிற்கிறது.

அந்த 75 கிலோமீட்டரைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். வங்காள விரிகுடாவின் விரிவில் அது ஒரு புள்ளி. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையிலான வான்வழித் தூரமோ 100 கிலோமீட்டருக்கும் குறைவு. நம் அரைக்கோளத்தில் சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் நமக்குக் கிழக்கே இருந்தால் இங்கு வாடைக்காற்று. நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடமுகம் அதைத் தடுத்து மழையாக்கும். மையம் வடக்கே நகர்ந்துவிட்டால் காற்று மேற்கிலிருந்து வரும்; அப்போது சமவெளியிலிருந்து திடீரென எழும் கடுகண்ணாவைச் சரிவும் அரநாயக்க மலைகளும் அதை எதிர்கொள்ளும். மையம் கணித்த இடத்திலிருந்து 75 கிலோமீட்டர் தள்ளிப்போனால் மழையை வாங்கும் மலைமுகமே மாறிவிடும். வரைபடத்தில் பாதை ஏறக்குறையச் சரியாக இருந்தும் ஒரு கிராமத்துக்கு எதிர்வுகூறல் முற்றிலும் தவறாகிப்போவது இப்படித்தான்.

இன்னொரு நெருக்கடி நேரம். டித்வா தீவுக்கு மிக அருகிலேயே பிறந்தது. 2017 நவம்பர் கடைசியில் இலங்கையின் தெற்கே கருக்கொண்டு ஓரிரு நாளில் சூறாவளியாகி, கன்னியாகுமரி மீனவர்களைக் கடலில் வைத்தே வாரிக்கொண்டு போன ஒகியும் அப்படியே. பல நாள் கடலில் பயணம் செய்து வரும் சூறாவளியைத்தான் செய்மதிகள் பலமுறை அளந்து, கணினியில் திருத்தித் திருத்திப் பிடிக்கின்றன. வாசலில் பிறப்பதற்கு அந்த அவகாசம் இல்லை. மையம் உருப்பெறாத இளம் தாழமுக்கத்தை மேல்மேகம் மூடிக்கிடக்கும்போது, டுவொராக் முறையும் அங்கேதான் அதிகம் தடுமாறும்.

இனி மழைக்கு வருவோம். மலைநாட்டைப் பொறுத்தவரை எல்லாமே அதில்தான் இருக்கிறது. செய்மதி மழையை மழையாகப் பார்ப்பதில்லை; வெப்பத்தையும் கதிர்வீச்சையும் அளந்து மழை இவ்வளவு இருக்கும் என்று அனுமானிக்கிறது. அகச்சிவப்பில் மேக உச்சி எவ்வளவு குளிரோ அவ்வளவு உயரம், எவ்வளவு உயரமோ அவ்வளவு மழை என்பது பழைய கணக்கு. கடலின் மேல் நுண்ணலை இதைவிட நன்றாக வேலை செய்கிறது. நுண்ணலையில் கடல் குளிர்ந்த இருண்ட தரையாகத் தெரியும். அதன் மேல் மழைத்துளிகள் ஒளிரும். நிலத்தின் மேல் அந்த வசதி போய்விடுகிறது. நிலமே பலமாக ஒளிர்வதால் துளிகள் அதற்குள் மறைந்துவிடும். அங்கே கருவி நம்பியிருப்பது மேலே உள்ள பனித்துகள்கள் கதிரைச் சிதறடிப்பதை மட்டும். மலையில் காற்று மோதி எழும்போது, பனிநிலைக்கு எட்டாத தாழ்ந்த மேகமே மணிக்கணக்கில் கனமழை கொட்ட முடியும். அதன் உச்சி குளிரவில்லை. பனியும் அதில் அதிகமில்லை. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது சாதாரண மேகம். கண்டிச் சரிவுகளில் நிற்பவருக்கு அது பேய்மழை. சூறாவளி கடலைவிட்டு நிலத்தில் ஏறிய கணத்தில், அதாவது நமக்கு அது மிக அவசியமான கணத்தில், செய்மதியின் பார்வை மங்குகிறது என்பதே இந்தத் துறையின் மிகப் பெரிய குறை என்று நான் நினைக்கிறேன்.

மழை அளவீட்டுக்கென்றே அமெரிக்காவும் ஜப்பானும் 1997இல் டிஆர்எம்எம் செய்மதியையும் 2014 பெப்ரவரியில் ஜிபிஎம் செய்மதியையும் ஏவின. இரண்டிலும் ராடாரே இருந்தது. மேகத்தை வெட்டி அடுக்கடுக்காகக் காட்டும் வல்லமை அதற்கு உண்டு. ஆனால் ஒரே ராடார் உலகைச் சுற்றுவதால் ஓர் ஊரின் மேல் எப்போதாவதுதான் கடக்கும். ஆகவே பல நாடுகளின் நுண்ணலைச் செய்மதிகளை இணைத்து, இடைவெளியை அகச்சிவப்பால் நிரப்பி, அரை மணிக்கொரு மழை வரைபடம் தயாரிக்கிறார்கள். அதன் ஒரு கட்டம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர்ச் சதுரம். மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவைக்கு வீதியில் வரும் தூரமும் அவ்வளவுதான். பள்ளத்தாக்கும் அதன் மேல் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரும் மலைமுகமும் ஒரே கட்டத்தில், ஒரே எண்ணில் அடங்கிவிடக்கூடும். அந்த வரைபடத்தின் முதல் பதிப்பு கைக்கு வரவும் ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். மண்சரிவு எச்சரிக்கை தரும் நம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரம்போ, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால் வெளியேற்றம். ஒரு மணி நேரத்தில் முடிவு கேட்கும் மலைக்கு நான்கு மணி நேரம் கழித்து வரும் எண் எதற்கு? அலாரமாக அது உதவாது. கடந்த பத்து நாளில் இந்த மலை குடித்த நீர் எவ்வளவு என்று கணக்கு வைக்க உதவும்.

அந்தக் கணக்கைச் சிறிதாக எண்ணக்கூடாது. பஹல கடுகண்ணாவையில் சரிவு நடந்தது டித்வாவுக்கு முன். அதே கேகாலை மாவட்டத்தில், இங்கிருந்து வெகுதூரமில்லாத அரநாயக்கவில் சாமசரக் கந்த சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை விழுங்கியது 2016 மே 17ஆம் திகதி. அந்த மழையைக் கொண்டுவந்த தாழமுக்கம் ரோனு என்று பெயர் பெற்றது அதற்கும் இரண்டு நாள் கழித்து. பெயர் சூட்டும்வரை காத்திருக்கும் அவதானம் மலைக்கு ஒருபோதும் போதாது. மண் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் சிறு தாழமுக்கமும் கொல்லும். வறண்டிருந்தால் பெருமழையையும் சில மணி நேரம் தாங்கும். சூறாவளி அறிக்கையில் மண்ணின் நிலைக்கு ஒரு வரிகூட இடமில்லை. அதைச் சேர்க்க இப்போது வழி இருக்கிறது. 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், நீண்ட அலை ராடாரால் மர இலைகளை ஊடுருவி நிலத்தைப் பார்க்கும். 12 நாளுக்கொருமுறை அதே இடத்தை அளந்து, சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் நிலம் சென்ரிமீட்டர் கணக்கில் நகர்ந்திருந்தாலும் காட்டிவிடும். தேயிலையும் றப்பரும் காடும் மூடிய நம் சரிவுகளுக்கு இதுவரை வந்த செய்மதிகளில் மிகவும் பொருந்துவது இதுதான் என்பேன். மெல்ல நழுவும் சரிவுகளை மழைக்காலத்துக்கு முன்பே பட்டியலிட முடிந்தால், சூறாவளி வரும்போது எந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்தை முதலில் காலி செய்வது என்ற கேள்விக்கு விடை கையில் இருக்கும். கணத்தில் பிளந்து விழும் பாறையை அதுவும் சொல்லாது.

செயற்கை நுண்ணறிவு எதிர்வுகூறல்களைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். ஐரோப்பிய மையம் 2025 பெப்ரவரியில் தன்னுடையதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாதையைக் கணிப்பதில் இவை வலுவானவை. ஆனால் பெரும்பாலானவற்றின் கட்டம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர், அதாவது கடுகண்ணாவையும் பேராதனையும் கண்டியும் ஒரே புள்ளி. மலையின் வடிவமே அங்கு மழுங்கிவிடுகிறது.

மழையை இடத்திலேயே, சில நிமிடங்களுக்கொருமுறை பார்க்கும் கருவி டொப்ளர் ராடார். டித்வா வந்தபோது இலங்கையில் இயங்கும் வானிலை ராடார் ஒன்றும் இருக்கவில்லை. ஜப்பானின் உதவியோடு புத்தளத்தில் ஒன்று அமைகிறது. வரட்டும், வர வேண்டியதே. ஆனால் புத்தளத்திலிருந்து கடுகண்ணாவை நேர்க்கோட்டில் 115 கிலோமீட்டர் அளவு. பூமியின் வளைவால், தாழ்வாக விடும் கற்றையும் இங்கு வந்து சேரும்போது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோமீட்டர் உயரத்தில் போகும். சரிவை உரசிப் பெய்யும் தாழ்ந்த மேகத்தின் பெரும்பகுதி அதற்கும் கீழே. செய்மதி தவறவிடும் அதே மழையில் ஒரு பங்கை ராடாரும் தவறவிடும். மலைநாட்டுக்குள்ளேயே, குறைந்த வீச்சுள்ள சிறு ராடார்கள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது என்பதும் எதிர்வுகூறலின் தரத்தில் அடங்கும். டித்வாவுக்குப் பின், அறிவித்தல்கள் தமிழில் தாமதித்து வந்தன, சில வேளை வரவேயில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மண்சரிவுக்கு மிக நெருக்கமாக வாழ்வது தோட்டத்துத் தமிழர்கள். விண்வெளியிலிருந்து கணினிக்கும் கணினியிலிருந்து கொழும்புக்கும் விரைந்து வந்த செய்தி, கொழும்பிலிருந்து லயத்துக்கு வரும்போது மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்துக் கிடந்தால் உயிர் காத்துக் கிடக்காது. வரும் சொற்களும் மாற வேண்டும். ‘பலத்த மழைவீழ்ச்சி எதிர்பார்க்கப்படுகிறது’ என்பதைக் கேட்டு எவரும் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கமாட்டார்கள். ‘உங்கள் தோட்டத்து மேற்குச் சரிவில் 100 மில்லிமீட்டர் தாண்டிவிட்டது, பாடசாலைக்குப் போங்கள்’ என்றால் இறங்குவார்கள்.

அந்த 100 மில்லிமீட்டரை அங்கேயே யாராவது அளந்திருக்க வேண்டும். மழைமானியின் வாய் ஒரு சாண் அகலம். செய்மதியின் ஒரு கட்டம் 120 சதுர கிலோமீட்டர். செய்மதி தன் கணக்கைத் திருத்திக்கொள்வதும் இந்தச் சாண் அகல வாயை வைத்துத்தான். தானியங்கி மழைமானிகளைக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல இடங்களில் வைத்திருக்கிறது. ஆனாலும் மலைமுகத்தில், மேலும் கீழுமாக, நெருக்கமாக வைத்தால்தான் மலை மழையின் உண்மை தெரியும். தோட்டங்களில் மழை அளந்து எழுதிவைக்கும் வழக்கம் தேயிலையளவு பழையது. அந்தக் கைப்பழக்கம் இன்னும் அழியவில்லை. பஹல கடுகண்ணாவையில் ஒன்று, கணேதென்னையில் ஒன்று, மேட்டில் ரயில் நிலையத்தருகே ஒன்று, பிலிமத்தலாவைப் பக்கம் இறங்கும் வழியில் ஒன்று. நான்கும் 10 நிமிடத்துக்கொருமுறை தொலைபேசி வழியே எண் அனுப்பினால், ஒரே நிறம் பூசிய அந்தச் சதுரத்துக்குள் நான்கு வேறு மழைகள் தெரியத் தொடங்கும்.